ரத்தத் தட்டில் தெரிந்த வளையம்

ஒரத்தநாட்டுப் பக்கம் ஒரு மீன் குளம். விடியற்காலை ஐந்தரைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது கட்லா, ரோகு கெண்டைகள் கரையோரம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. "நேத்து சாயங்காலம்கூட நல்லாத் தீனி எடுத்துச்சு தம்பி" என்றார் குளத்துக்காரர். மிதந்த ரோகு ஒன்றைக் கையில் எடுத்தேன். வயிறு உப்பி, செதில்கள் சிலிர்த்து நின்றன. துடுப்படியில் ரத்தம் கட்டிச் சிவந்திருந்தது.

மீன் நோய்ப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு இது பன்னிரண்டாவது வருடம். இப்படி ஒரு மீனைப் பார்த்ததும் கை தானாகச் சிறுநீரகத்துக்குப் போய்விடும். ரத்தத்தில் கிருமி ஏறியிருந்தால் அங்கே சிக்கும். அதிலிருந்து துளி எடுத்து, ஆட்டு ரத்தம் கலந்த அகார் தட்டில், அதாவது கிருமி வளர்க்கும் கூழ்த் தட்டில், கோடு இழுத்து வைத்தோம். மறுநாள் தட்டை வெளிச்சத்தில் பிடித்தால், சிவப்புப் பரப்பில் ஒவ்வொரு கிருமிப் பொட்டைச் சுற்றியும் கண்ணாடி மாதிரித் தெளிந்த வளையம். அடுத்தடுத்த சோதனைகளில் உறுதியானது, ஏரோமோனாஸ் ஹைட்ரோபிலா என்ற பாக்டீரியா.

அந்த வளையம் ஏரோலைசின் போன்ற நச்சுகளின் வேலை. ஏரோலைசினின் ஏழு மூலக்கூறுகள் கைகோத்து நின்று உயிரணுவின் சவ்வில் ஓட்டை போடும். தண்ணீர் உள்ளே புகுந்து ரத்த அணு உடைந்துவிடும். தட்டில் நடப்பதுதான் மீனுக்குள்ளும் நடக்கிறது. ரத்தக் குழாய்கள் கசிந்து துடுப்படி சிவக்கிறது, வயிற்றில் நீர் கோக்கிறது.

இத்தனைக்கும் அது எங்கிருந்தோ வந்த கிருமி இல்லை. நல்ல குளத்துத் தண்ணீரிலும், நலமாக நீந்தும் மீனின் குடலிலும் இருப்பதுதான். பேச்சுவாக்கில் விஷயம் வந்தது. ஏக்கருக்கு நாலாயிரம் குஞ்சு விட வேண்டிய இடத்தில் எட்டாயிரம் விட்டிருக்கிறார். கோழி எச்சம் நிறையக் கொட்டியிருக்கிறார். அப்புறம் மூன்று நாள் வானம் மப்பு. வெயில் இல்லாமல் பாசி பகலில் விடும் ஆக்சிஜன் குறைந்துபோக, இருக்கிற கொஞ்சத்தையும் இரவில் எல்லா உயிர்களும் இழுத்துக்கொள்கின்றன. மூச்சுக்குத் தவிக்கும் மீனுக்கு எதிர்ப்புச் சக்தி இறங்கும்போதுதான் செவுளிலும் குடலிலும் சும்மா இருந்தது உள்ளே நுழைகிறது.

கடையில் சொன்னார்கள் என்று ஆக்ஸிடெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக்கைத் தீனியில் கலந்து போட்டிருந்தார். நோய் வந்த மீன் தீனியைத் தொடாது, மருந்து தண்ணீரில்தான் கரையும். எங்கள் சோதனைத் தட்டில் அந்த மருந்து வில்லையின் விளிம்புவரை கிருமி முளைத்திருந்தது, அதாவது மருந்து அதை ஒன்றும் செய்யவில்லை. அதைப் பார்த்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

"பிள்ளைங்களுக்குப் போடுற மாதிரி மீனுக்கு ஊசி இருக்கா தம்பி?" என்று கேட்டார்.

இருக்கிறது. நார்வே சால்மன் பண்ணைகள் 1987-ல் ஏறக்குறைய 50 டன் ஆன்டிபயாட்டிக் செலவழித்தன. எண்ணெய் கலந்த தடுப்பூசிகள் வந்தபின் 1990-களின் நடுவில் அது ஒரு டன் அளவுக்கு இறங்கியது, மீன் உற்பத்தியோ ஏறிக்கொண்டே போனது. ஆனால் அங்கே ஒவ்வொரு குஞ்சையும் மயக்கி வயிற்றில் ஊசி போடுகிறார்கள். சால்மன் விலைக்கு அது கட்டும். நம் கெண்டைக்குக் கட்டாது. அதற்குத் தீனி வழியாகத்தான் கொடுக்க வேண்டும்.

சிக்கல் குடலில் இருக்கிறது. கெண்டைக்கு அமிலம் சுரக்கும் இரைப்பையே கிடையாது. ஆனாலும் முன்குடலின் நொதிகள் கொன்ற கிருமியைச் சிதைத்துவிடும். எதிர்ப்புச் சக்தியைத் தூண்ட அது பின்குடல்வரை முழுசாகப் போய்ச் சேர வேண்டும். மங்களூர் மீன்வளக் கல்லூரியில் 1990-களில் இதற்கு ஓர் அழகான வழி கண்டார்கள். ஏரோமோனாஸைக் கைட்டின் (இறால், நண்டு ஓட்டில் இருக்கும் பொருள்) சீவல்களின் மேல் வளரவிட்டால், அது தன்னைச் சுற்றிப் பசைபோல ஒரு போர்வை போர்த்திக்கொள்ளும். அந்தப் போர்வையோடு கொன்று தீனியில் கலந்தார்கள். தனித்தனியாக மிதக்கும் கிருமியைக் கொன்று கொடுத்ததைவிட மீன்களிடம் நல்ல எதிர்ப்புச் சக்தி தெரிந்தது. அந்த வேலையின் மேல் எனக்கு இன்றும் பெரிய மதிப்பு. ஆனால் நான் போன எந்தக் குளத்துக் கரையிலும் அப்படியொரு தீனி மூட்டையைப் பார்த்ததில்லை. ஏரோமோனாஸில் வகைகள் ஏராளம் என்பது பெரிய முட்டுக்கட்டை. ஒன்றுக்குச் செய்தது இன்னொன்றைத் தடுக்காமல் போகலாம்.

இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். "சரி, இப்ப என்ன செய்யலாம்?" என்றார். தீனியையும் எச்சத்தையும் நிறுத்தச் சொன்னேன். செத்த மீனை அன்றன்றே எடுத்துப் புதைக்க வேண்டும், தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டரை ராத்திரி நிறுத்தவே கூடாது, பாதி மீனையாவது வேறு குளத்துக்கு மாற்ற வேண்டும் என்றேன்.

அவர் குளத்துக் கிருமியைக் கிளிசராலில் கலந்து உறைபெட்டியில் வைத்திருக்கிறேன், மைனஸ் 80 டிகிரியில். குழாயின் மேல் ஊர்ப்பெயரும் தேதியும் எழுதியிருக்கிறது. பக்கத்தில் வேறு குளங்களின் குழாய்கள் நாற்பத்தொன்று இருக்கின்றன.