ஒரே ஒரு அசிஸ்ட்

டர்பனில் ஹாக்கி என்றால் பச்சை டர்ஃபில் வளைந்த மட்டையோடு ஓடுவது. பனித்தரையில் சறுக்கி ஆடும் ஹாக்கியை 2023 வரை நான் ஒரு ஆட்டம்கூட முழுதாகப் பார்த்ததில்லை. டொராண்டோவில் இருக்கும் என் தம்பிதான் இழுத்துவிட்டான். "ஃபேன்டஸி லீக்ல பன்னிரண்டு பேர் வேணும்ணே, ஒரு ஆள் குறையுது. சும்மா பேருக்கு இருங்க" என்றான். பேருக்கு இருக்கப் போனவன், ஏப்ரலில் நடுராத்திரிக்கு அலாரம் வைத்து எழுந்துகொண்டிருந்தேன்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. என்ஹெச்எல் என்ற வட அமெரிக்கப் பனி ஹாக்கி லீக்கின் வீரர்களில் பதினாறு பேரை நம் அணியாக எடுத்துக்கொள்ள வேண்டும்; நிஜ ஆட்டங்களில் அவர்கள் செய்வதெல்லாம் நம் கணக்கில் ஏறும். திங்கள் முதல் ஞாயிறு வரை ஒரு வாரம், ஒரு எதிராளி. கோல், அசிஸ்ட் (கோலுக்கு வழிசெய்த பாஸ்), பவர்பிளே புள்ளி (எதிரணி தண்டனையில் ஆள் குறைந்திருக்கும்போது எடுப்பது), ஷாட், ஹிட் (உடம்பால் மோதுவது), பிளாக் (எதிராளி அடிப்பதைக் குறுக்கே விழுந்து தடுப்பது), அப்புறம் கோலிகளுக்கு, அதாவது கோல் காப்பாளர்களுக்கு, நான்கு கணக்கு என்று மொத்தம் பத்துப் பிரிவு. யார் அதிகப் பிரிவுகளில் முந்துகிறாரோ அந்த வாரம் அவருடையது.

அக்டோபரில் டிராஃப்ட், அதாவது ஆளுக்கொருவராக வரிசையில் வீரர்களை எடுக்கும் நாள். குலுக்கலில் முதல் இடம் எனக்கு விழுந்தது. எட்மன்டன் அணியின் நட்சத்திரம் கானர் மெக்டேவிட்டை எடுத்தேன். ஹாக்கி தெரியாதவனும் அவரைத்தான் எடுப்பான். டொராண்டோவாசி ஆகிவிட்ட தம்பி, தன் ஊர் அணியின் ஆஸ்டன் மேத்யூஸைப் பிடித்துக்கொண்டான். அங்கிருந்து பிப்ரவரி வரைக்கும் பெரிதாக எதுவும் இல்லை. நல்ல ஆட்களை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாலே பாதி வாரங்களில் ஜெயிக்கலாம்.

மார்ச் வந்ததும் நிலைமை மாறியது. என்ஹெச்எல்லில் அடுத்த சுற்று வாய்ப்பை இழந்துவிட்ட அணிகள் சின்னப் பையன்களை இறக்கிப் பார்க்கின்றன. இடம் உறுதியான அணிகள் பெரிய ஆட்களுக்கு ஓய்வு கொடுக்கின்றன. "லேசான காயம்" என்ற சொல்லுக்குப் பல அர்த்தங்கள் வந்துவிடுகின்றன. அப்போதுதான் வீரர்களின் பெயர்களை விட்டுவிட்டு அட்டவணையைப் படிக்க ஆரம்பித்தேன்.

செவ்வாய், வியாழன், சனி மூன்றும் கூட்டமான நாட்கள். பெரும்பாலான அணிகள் ஆடும். எனக்குக் களத்தில் இருக்கும் இடம் கோலிகளைத் தவிர பத்துதான். சனிக்கிழமை பன்னிரண்டு பேருக்கு ஆட்டம் இருந்தால் இரண்டு பேர் பெஞ்சில். பெஞ்சில் இருப்பவர் மூன்று கோல் போட்டாலும் அது கணக்கில் வராது. ஆனால் திங்கள், புதன், வெள்ளி, ஞாயிறு காலியாகக் கிடக்கும். அந்த நாட்களில் ஆடும் அணியில் யாரென்றே தெரியாத ஒரு டிஃபென்ஸ்காரரை எடுத்துப்போட்டால் இரண்டு ஹிட், மூன்று பிளாக் சும்மா வந்து விழும். வாரத்துக்கு நான்கு பேரைத்தான் புதிதாக எடுக்கலாம் என்பது எங்கள் லீக் விதி. அந்த நான்கையும் எண்ணி எண்ணிச் செலவழித்தேன், மாதக் கடைசியில் கையில் இருக்கும் நான்கு நூறு ராண்ட் நோட்டைப் போல. நன்றாக ஆடிக்கொண்டிருந்த ஒருவரை, அந்த வாரம் அவருக்குச் செவ்வாயும் சனியும் மட்டும்தான் ஆட்டம் என்பதற்காகக் கழற்றிவிட்டேன். தம்பி சிரித்தான். அந்த வாரம் ஜெயித்தது நான்தான்.

டர்பன்காரனுக்குக் கூடுதலாக ஒரு சோதனை உண்டு: நேரம். டொராண்டோவில் மாலை ஏழு மணி ஆட்டம் இங்கே அதிகாலை இரண்டு மணிக்குத் தொடங்கும். மார்ச் 10 அன்று அவர்கள் கடிகாரத்தை முன்னே தள்ளியதும் அது ஒரு மணி ஆனது. மேற்குக் கரை ஆட்டமென்றால் நான்கு. மார்ச் 26க்குப் பிறகு மின்வெட்டு நின்றதால் வைஃபையாவது கைவிடாமல் இருந்தது.

மார்ச் கடைசி வாரம் எங்கள் லீக்கின் கால் இறுதி. அதே வாரம்தான் ஈஸ்டர், 29ஆம் தேதி பெரிய வெள்ளி. எங்கள் ஊரில் பெரிய வெள்ளி என்றால் மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயில். கரும்புத் தோட்டத்துக்கு வந்த சனங்களின் கோயில். ஈஸ்டர் விடுமுறையில் திருவிழாக் கூட்டம் தாங்காது. சாட்ஸ்வொர்த்தில் நான் குடியிருக்கும் வீட்டு ஆன்ட்டி வருடா வருடம் என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு போவார். எனக்கோ கோலிக் கவலை. வாரத்துக்குக் குறைந்தது மூன்று கோலி ஆட்டங்கள் இல்லையென்றால் கோலிப் பிரிவுகள் நான்கும் எதிராளிக்கே போய்விடும். வெள்ளிக்கிழமை வரை எனக்கு ஒன்றுதான் ஆகியிருந்தது.

பயிற்சியில் முதலில் ஐஸை விட்டு வெளியேறும் கோலிதான் அன்று ஆடப்போகிறவர் என்பது அங்கே வழக்கமான கணிப்பு. காலைப் பயிற்சி முடிந்து அந்தச் செய்தி வரும்போது இங்கே மாலை ஐந்து மணி சுமார். அடுத்தடுத்த நாட்களில் ஆட்டம் இருந்தால் ஒரு நாள் முதல் கோலி, மறுநாள் இரண்டாவது கோலி என்று மாற்றுவார்கள். கோயில் வாசலில் ஒரு கையில் தேங்காய்த் தட்டு, மறு கையில் ஃபோன் என்று நின்றேன். என் கோலிக்கு அன்று ஓய்வு, அதனால் மறுநாள் அவர்தான் என்று கணக்குப்போட்டு, வேறொரு அணியின் இரண்டாவது கோலியையும் ஞாயிறுக்கு எடுத்துவைத்தேன். "யாருக்கு உடம்பு சரியில்லை?" என்று ஆன்ட்டி கவலையாகக் கேட்டார். என் முகம் அப்படி இருந்திருக்கிறது. மூன்று ஆட்டம் தேறியது, தப்பித்தேன்.

அரை இறுதியில் நான் செய்த மடத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் செயலிக்கு நாள் மாறுவது அமெரிக்க மேற்குக் கரை நேரப்படி. அதாவது இங்கே காலை ஒன்பது மணிக்குத்தான் அதற்கு மறுநாள் பிறக்கும். ஒரு ராத்திரி பன்னிரண்டரைக்கு எழுந்தேன். சுவர்க் காலண்டர்படி வியாழன். செயலி புதன் பக்கத்தைக் காட்ட, நான் அறிவாளித்தனமாக வியாழன் பக்கத்துக்குத் தள்ளி, அழகாக அணியை அடுக்கிவிட்டுப் படுத்தேன். புதன் ஆட்டத்துக்கென்றே எடுத்த இரண்டு பேரும் பெஞ்சிலேயே இருந்தார்கள். அப்படியும் ஒரு பிரிவு வித்தியாசத்தில் தேறினேன் என்றால், எதிராளி இரண்டு நாளாகச் செயலியைத் திறக்கவே இல்லை என்பதுதான் காரணம்.

இறுதிப் போட்டி, ஏப்ரல் 8 முதல் 14 வரை. எதிரில் தம்பி. அவனுடைய மேத்யூஸ் எழுபது கோலைத் துரத்திக்கொண்டு ஷாட்டாக அடித்துத் தள்ளிக்கொண்டிருந்தார். கடைசியில் 69இல் நின்றார், அது வேறு கதை. எனக்கு மெக்டேவிட். எட்மன்டனுக்கு அந்த வாரம் புதன், வெள்ளி, சனி என்று மூன்று ஆட்டம். இரண்டு காலி நாட்கள், அதைவிட என்ன வேண்டும்? புதனன்று அவர் இறங்கவில்லை. உடம்பின் கீழ்ப்பகுதியில் காயமாம். நாளுக்கு நாள் பார்ப்பார்களாம். "நாளுக்கு நாள்" என்று போட்டுவிட்டால் காயக்காரர் பட்டியலுக்கும் தள்ள முடியாது, இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மெக்டேவிட்டைக் கழற்றிவிட யாருக்கு மனசு வரும்? வெள்ளி வருவார் என்று காத்திருந்தேன். வரவில்லை. சனியும் வரவில்லை. இதற்குள் என் நான்கு வாய்ப்புகளையும் வெள்ளிக்கிழமையே தீர்த்துவிட்டிருந்தேன்.

ஞாயிறு தமிழ்ப் புத்தாண்டு. ஆன்ட்டி வீட்டில் விளக்கேற்றி, இலை போட்டு, பாயசம் வரை வந்தது. நான் கணக்கிலேயே இருந்தேன். ஹிட், பிளாக், கோலி சராசரிகள் இரண்டு என நான்கு எனக்கு. கோல், பவர்பிளே, ஷாட், கோலி வெற்றி என நான்கு அவனுக்கு. ஷட்அவுட், அதாவது கோலி ஒரு கோல்கூட விடாத ஆட்டம், இருவருக்கும் பூஜ்யம். அசிஸ்ட் சமம். சமமாகவே முடிந்தால் லீக் சுற்றில் மேலே இருந்தவனுக்குக் கோப்பை, அது நான். மாலையில் தம்பி கூப்பிட்டான். "வருசப் பொறப்பு வாழ்த்துண்ணே. எனக்கு இன்னும் ஒரு ஆளை எடுக்க வாய்ப்பு மிச்சமிருக்கு, தெரியும்ல?"

எடுத்தான். ஞாயிறு ஆடும் அணியின் மூன்றாம் வரிசை ஆள். ஹாக்கியில் கோலுக்கு முந்தைய பாஸுக்கு மட்டுமில்லை, அதற்கும் முந்தைய பாஸுக்கும் அசிஸ்ட் உண்டு. திங்கள் காலை எழுந்து பார்த்தபோது அந்த ஆளுக்கு அந்த இரண்டாவது வகையில் ஒன்று விழுந்திருந்தது. 5-4.

செவ்வாய் விடியும்போது, இனி அலாரம் தேவையில்லை என்றாலும், பழக்கத்தில் விழிப்பு வந்தது. எட்மன்டன் சான் ஹோசேவை 9-2 என்று அடித்திருந்தது. மெக்டேவிட் திரும்பி வந்து அந்தப் பருவத்தின் நூறாவது அசிஸ்டைப் போட்டிருந்தார். ஒரே பருவத்தில் நூறு எடுத்ததில் பழைய ஜாம்பவான்கள் வெய்ன் கிரெட்ஸ்கி, பாபி ஓர், மரியோ லெமியூவுக்கு அடுத்து நான்காவது ஆள். தம்பி அந்தச் செய்தியை எனக்கு அனுப்பி, கீழே ஒரு சிரிப்பு முகம் போட்டிருந்தான்.