எதிராளியின் கையில் என்ன இருக்கலாம்

மார்த்தாண்டம், குழித்துறைப் பக்கத்தில் இருபத்தெட்டு என்ற சீட்டாட்டம் ஆடிப் பழகியவர்களுக்கு எதிராளியின் கையைக் கணிப்பது புதிய வேலை அல்ல. இறங்கிய இனம் கையில் இருந்தால் அதையே போட்டாக வேண்டும் என்பதால், ஒருவர் வேறு இனத்தைப் போட்டதுமே அவரிடம் அது தீர்ந்துவிட்டது என்று உறுதியாகச் சொல்லிவிடலாம். போக்கரில் அப்படியோர் உறுதி கிடைப்பதில்லை. டெக்சாஸ் ஹோல்டெம் என்ற போக்கர் வகையில் எதிராளியின் இரண்டு சீட்டுகளும் கடைசிவரை கவிழ்ந்தே கிடக்கும். எந்த இடத்தில் அமர்ந்து எவ்வளவு பந்தயம் வைத்தார் என்பதே நமக்குச் சாட்சி.

நாகர்கோவிலில் நண்பர்களோடு காசு வைக்காமல், வெறும் சிப்களைக் கொண்டு ஆடத் தொடங்கியபோது எல்லோரும் முகத்தைக் கவனிக்கச் சொன்னார்கள். முகத்தைவிடப் பந்தயத்தின் போக்கு அதிகம் சொல்கிறது என்பது என் கருத்து. இரண்டு சீட்டுகள் 1,326 விதங்களில் வரலாம். அவற்றுள் ஒன்றை ஊகித்துப் பிடிவாதமாக நிற்காமல், வாய்ப்புள்ள எல்லாவற்றையும் மனத்தில் விரித்து, ஒவ்வொரு சுற்றிலும் பொருந்தாதவற்றைக் கழித்துக்கொண்டே வர வேண்டும்.

என்னிடம் குயின் ஜோடி இருக்கிறது என்று கொள்வோம். நிதானமாக ஆடும் ஒருவர் முதல் ஆளாகவே ரெய்ஸ் செய்கிறார், அதாவது பந்தயத்தை உயர்த்துகிறார். அவரிடம் ஜாக் ஜோடியோ அதற்கு மேற்பட்ட ஜோடியோ, அல்லது ஏஸும் கிங்குமோ இருக்கலாம் என வைத்தால், ஏஸ், கிங், ஜாக் ஜோடிகள் ஒவ்வொன்றும் 6 விதம், மீதமுள்ள குயின் ஜோடி 1, ஏஸ்-கிங் 16, ஆக மொத்தம் 35. இவற்றில் என்னை முந்துபவை 12 மட்டுமே. ஃபிளாப்பில், அதாவது எல்லோருக்கும் பொதுவாக மேசையில் முதலில் திறக்கும் மூன்று சீட்டுகளில், கிங், ஏழு, இரண்டு விழுகின்றன. மேசையில் ஒரு கிங் வந்துவிட்டதால் கிங் ஜோடி 3 ஆகவும் ஏஸ்-கிங் 12 ஆகவும் குறைகின்றன. ஆனால் அந்த ஏஸ்-கிங் 12-ம் மேசையிலுள்ள கிங்குடன் ஜோடி சேர்ந்து இப்போது என்னை வென்றுவிடுகின்றன. மொத்தம் 28, அதில் 21 எனக்கு எதிரானவை. அவர் சீட்டைப் பார்க்காமலே இவ்வளவு தெரிந்துவிடுவது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

இது ஆளைப் பொறுத்த கணக்கு. கண்டதற்கெல்லாம் ரெய்ஸ் செய்பவரிடம் இதே ஃபிளாப்பில் என் குயின் ஜோடி பெரும்பாலும் முந்தியே நிற்கும்.

இதைப் பழக நான் விலகிவிட்ட ஆட்டங்களே உதவுகின்றன. சிப்களைப் பற்றிய கவலை இல்லாமல் மற்ற இருவரின் பந்தயங்களைத் தொடர்ந்து, கடைசிச் சீட்டு விழுந்ததும் இருவரிடமும் எவை மிஞ்சியிருக்கலாம் என்று ஒரு தாளில் எழுதிவைத்து, அவர்கள் சீட்டைத் திருப்பும்போது ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.