ஸ்டியரிங் நாட்குறிப்பு: சர்வோ மேல் போட்ட பழி

மார்ச் 2, ஞாயிறு

இன்று மூன்று முறை வேலியில் போய் முட்டினேன். நான் என்றால் என் கார். ரிமோட்டில் ஓடும் 1/5 அளவு பக்கி, பின்சக்கர ஓட்டம், 26 சிசி பெட்ரோல் எஞ்சின். டேங்க் நிரம்பினால் 11 கிலோவைத் தாண்டும். முட்டினால் வேலிதான் பாவம்.

கோளாறு இரண்டு. வளைவு முடிந்து டிரான்ஸ்மிட்டர் வீலை விட்டாலும் முன்சக்கரம் முழுசாக நேருக்குத் திரும்புவதில்லை. அப்புறம், பத்து நிமிடம் ஓடியதும் ஸ்டியரிங் சோர்ந்துவிடுகிறது; திருப்பினால் யோசித்துவிட்டுத்தான் திரும்புகிறது. முன்சக்கரங்களைத் திருப்பும் சிறு மோட்டாரான சர்வோவுக்கு வயதாகிவிட்டது என்று தீர்ப்பு எழுதிவிட்டேன். 25 கிலோ-செ.மீ. டார்க் (திருப்பும் வலு) இந்த எடைக்குப் போதாது என்று ஒரு நியாயமும் கிடைத்தது. 40 கிலோ-செ.மீ. சர்வோவுக்கு ஆர்டர் போட்டாயிற்று.

மார்ச் 4, செவ்வாய்

சர்வோ வரும்வரை கை சும்மா இருக்குமா? கார் நேராக ஓட டிரான்ஸ்மிட்டரில் நடுநிலையை நகர்த்தும் ட்ரிம்மை நோண்டிக்கொண்டிருந்தேன். வலப்பக்கம் இழுக்கிறதே என்று இடப்பக்கம் நாலு கிளிக் வைத்தேன். அடுத்த இடது வளைவுக்குப் பிறகு இடப்பக்கம் இன்னும் மோசமாக இழுத்தது. அப்போதுதான் உறைத்தது. எப்போதும் ஒரே பக்கம் இழுத்தால் ட்ரிம்மையோ அலைன்மென்ட்டையோ பார்க்கலாம். கடைசியாக எந்தப் பக்கம் திருப்பினோமோ அந்தப் பக்கமே இழுத்தால் எங்கோ பிடிக்கிறது என்று அர்த்தம். அதற்கு ட்ரிம் என்ன செய்யும்?

சர்வோ அச்சில் மாட்டிய கையிலிருந்து, சக்கரங்களை நோக்கிப் போகும் ராடைக் கழற்றிவிட்டு, டிரான்ஸ்மிட்டரில் திருப்பிப் பார்த்தேன். சர்வோ கை இரண்டு பக்கமும் போய் அதே கோட்டில் வந்து நின்றது. ஆக, குற்றவாளி அது இல்லை. பிறகு காரை ஸ்டாண்டில் தூக்கி வைத்து, சக்கரங்களை விரலால் மெதுவாக அசைத்தேன். நடுவில் ஓர் இடத்தில் மணலை அரைப்பது போல ஒரு சிறு தடை. சர்வோவின் அசைவைச் சக்கரங்களுக்குக் கடத்தும் பெல் கிராங்கைக் கழற்றினால், கீழ் பேரிங்கிலிருந்து செம்மண் நிறத்தில் தூள் கொட்டியது. பாதி தூசி, பாதி துரு. இரண்டு பேரிங்கையும் மாற்றினேன். ஒரு பால் ஜாயின்ட்டும் இறுக்கமாக இருந்தது, அதையும் மாற்றினேன்.

இப்போது ராடு இல்லாமல் காரைச் சாய்த்தாலே சக்கரம் தானாகத் திரும்பிக்கொள்கிறது. இப்படித்தான் இருக்க வேண்டும். முதல் கோளாறு தீர்ந்தது. ஆர்டர் போட்ட சர்வோ மட்டும் வழியில் வந்துகொண்டிருக்கிறது.

மார்ச் 8, சனி

புது சர்வோ வந்தது. பழையதில் அச்சுக்கு 15 பல், புதியதில் 25. பழைய கை பொருந்தவில்லை. நல்லவேளை, பெட்டியில் ஒன்று கிடந்தது. 25 பல் என்றால் ஒரு பல்லுக்கு 14.4 டிகிரி, கையை மிகச் சரியாக நேராக மாட்டுவது அதிர்ஷ்டம். கிட்டத்தட்ட நேராக மாட்டிவிட்டு, மிச்சத்தை, அந்த சர்வோவின் நடுநிலையை மட்டும் நகர்த்தும் சப்-ட்ரிம்மில் சரிசெய்தேன்.

முழுசாகத் திருப்பிப் பிடித்தால் சர்வோ முனகியது. சக்கரம் ஸ்டாப்பில் போய் இடித்த பிறகும் அது தள்ளிக்கொண்டே இருக்கிறது. முனகல் நிற்கும்வரை எண்ட் பாயின்ட்டை, அதாவது சர்வோ திரும்பும் எல்லையை, குறைத்தேன்: இடப்பக்கம் 88 சதவீதம், வலப்பக்கம் 92. அடியை ஸ்பிரிங்கால் தாங்கி சர்வோவைக் காக்கும் சர்வோ சேவரின் நட்டை அரைச் சுற்று இறுக்கினேன். அதற்கு மேல் போனால் கல்லில் இடிக்கும் அடியெல்லாம் நேராக சர்வோவின் கியருக்குப் போகும். அப்படி ஒரு கியரை ஏற்கெனவே தின்றிருக்கிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

முன்பை விட மோசம்! நாலாவது சுற்றில், வேகமாகப் போய் வளைக்கும்போது கார் ஒரு நொடி செத்துப்போனது. ஸ்டியரிங் இல்லை, த்ரோட்டில் இல்லை. நேராகப் போய், பிரேக் பிடித்து நின்றது. சிக்னல் போனால் கார் தானாக என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் ஃபெயில்சேஃபில் பிரேக் வைத்திருந்ததால் தப்பித்தேன். 11 கிலோ இரும்பு யார் காலிலாவது போய் விழுந்திருந்தால்?

ஸ்பார்க் பிளக்கின் மின் இரைச்சல், காரில் சிக்னலை வாங்கும் ரிசீவரைக் குழப்புகிறதோ என்று முதலில் நினைத்தேன். எஞ்சினை அணைத்துவிட்டு, நின்ற காரில் ஸ்டியரிங்கை இடமும் வலமும் வெடுக்வெடுக்கென்று திருப்பினேன். ரிசீவர் விளக்கு சிமிட்டியது. எஞ்சினே ஓடாதபோது ஸ்பார்க்கைக் குறை சொல்ல முடியாது.

மார்ச் 12, புதன்

இரவு மல்டிமீட்டரும் மகளும் உதவிக்கு. ரிசீவரில் காலியாக இருந்த சேனலில் (சர்வோவைச் செருகும் இடம்) மீட்டரைச் செருகினேன். நடுப்பின் பிளஸ், ஓரத்துப் பின் மைனஸ். பேட்டரி ஐந்து செல் நிக்கல், சும்மா இருக்கும்போது 6.3 வோல்ட். கண்சிமிட்டும் நேரத்து வீழ்ச்சியைச் சாதாரண மீட்டர் காட்டாது. அதனால் நான் முன்சக்கரங்களை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவள் டிரான்ஸ்மிட்டரை மெதுவாகத் திருப்பினாள்.

“அப்பா, இறங்குது... அஞ்சு... நாலரை... நாலு புள்ளி ஒண்ணு!”

கையை விட்டேன். மறுபடி 6.3. இப்போது மீட்டரை பேட்டரி முனையிலேயே வைத்து அதே சோதனை. 5.8-க்குக் கீழே இறங்கவில்லை. ஆக, பேட்டரியிடம் குறை இல்லை. பேட்டரிக்கும் ரிசீவருக்கும் நடுவில் 1.7 வோல்ட்டை யாரோ விழுங்குகிறார்கள். நடுவில் இருப்பது ஒரு சுவிட்ச்சும் கொஞ்சம் ஒயரும்தான்.

பழைய சர்வோ சோர்ந்துபோனதற்கும் இதுதான் காரணம். புது சர்வோ அதைவிட அதிகக் கரன்ட் இழுக்கும். அதே ஒயரில், அதே சுவிட்ச்சில் இன்னும் அதிகம் இழுத்ததும் ரிசீவரே அணைந்துவிட்டது. பலசாலியைக் கூட்டிவந்து பட்டினி போட்டிருக்கிறேன்.

மார்ச் 13, வியாழன்

சுவிட்ச்சைப் பிளந்து பார்த்தேன். உள்ளே இரண்டு தகடும் கறுத்துக் கிடந்தன. ஒயரோ தலைமுடி மாதிரி.

பெரிய கரன்ட்டுக்கான சுவிட்ச் ஒன்று போட்டேன். பேட்டரியிலிருந்து அதுவரை தடித்த சிலிக்கான் ஒயர். சர்வோவுக்கு பிளஸ்ஸும் மைனஸும் இனி ரிசீவர் வழியாகப் போகாது, சுவிட்ச்சிலிருந்து நேராகப் போகும். ரிசீவரிலிருந்து சர்வோவுக்கு சிக்னல் ஒயரும் கிரவுண்ட் ஒயரும் மட்டும். அந்த கிரவுண்டை முதலில் மறந்துவிட்டேன் என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும். பவர் சுற்றில் கிரவுண்ட் ஏற்கெனவே பொதுவாக இருந்ததால் சர்வோ வேலை செய்தது, ஆனால் நடுவில் நிற்காமல் நடுங்கியது. சிக்னலோடு சேர்த்து அதையும் இழுத்ததும் அமைதியாகிவிட்டது.

அதே பிடி, அதே சோதனை. ரிசீவரில் 5.7.

மார்ச் 16, ஞாயிறு

ஒரு டேங்க் முழுக்க ஓட்டினேன். முதல் சுற்றும் கடைசிச் சுற்றும் ஒரே மாதிரி இருந்தன. விளக்கு ஒருமுறைகூட சிமிட்டவில்லை.

பிறகு ஓர் அரிப்பு. புது சர்வோவைக் கழற்றி, பழையதை அதன் 15 பல் கையோடு மாட்டி இன்னொரு டேங்க் ஓட்டினேன். வேகம் கொஞ்சம் குறைவுதான். மற்றபடி கடைசிவரை சோர்வே இல்லை. நின்ற இடத்திலேயே சக்கரத்தைத் திருப்பியது.

வீட்டுக்கு வந்ததும் மகள் கேட்டாள்: “அப்ப புதுசு எதுக்கு வாங்கினீங்க?”

இடது பக்க டை ராடில் லேசான ஆட்டம் தெரிகிறது. அடுத்த வாரம் அதைப் பார்க்க வேண்டும்.