உகண்டாவில ஒரு வெள்ளிக்கிழமை

உகண்டா போய்ட்டு வந்தம் எண்டு சொன்னா திருகோணமலையில ஆக்கள் முதல் கேக்கிறது கொரில்லா பாத்தீங்களா எண்டுதான், இல்ல அங்க மலைக்கிராமத்தில இருக்கிற யூத ஆக்களப் பாக்கப் போனம் எண்டா அவங்கட முகம் போற போக்கப் பாக்கோணும். கம்பாலாவில வேலை செய்யிற மச்சான்தான் இந்தக் கதையக் கிளப்பினவன். நாங்க ஒரு வான் நிறைய ஆக்கள், பாதிப்பேர் பென்ஷன் எடுத்த டீச்சர்மார், அதால கேள்விக்குப் பஞ்சமே இல்ல. மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்ட அட்டை கட்டாயம், மற்றதெல்லாம் வழமையான அலைச்சல், விடுங்க.

என்டெபேயில இறங்கின கையோட ஒரு சேர் 1976 கதையத் தொடங்கிட்டார், பிளேன் கடத்தல், பணயக்கைதிகள், இஸ்ரேல் கொமாண்டோ எண்டு ஜின்ஜாவில நைல் பாலம் தாண்டியும் மனுசன் நிப்பாட்டல்ல. ஆனா அந்த நேரம் உகண்டாவ ஆண்ட இடி அமீன் தன்ட நாட்டுக்குள்ளயே இருந்த யூத ஆக்கள் கும்பிடக்கூடாது எண்டு தடை போட்டவன் எண்டது வானில ஒருத்தருக்கும் தெரியாது.

அவங்களுக்கு அபயுதாயா எண்டு பேர், கிழக்குப் பக்கம் எம்பாலே டவுனச் சுத்தி எல்கன் மலை அடிவாரத்தில இருக்கிறாங்க. செமேய் ககுங்குலு எண்ட பகண்டா இனத்துத் தளபதி வெள்ளைக்காரனுக்காக அந்தப் பக்கத்தப் பிடிச்சுக் குடுத்தவர், தன்னை ராசாவாக்குவாங்க எண்டு பாத்துக்கொண்டிருக்க அவங்க கைய விரிச்சிட்டாங்க. மிஷனரிமார் குடுத்த பைபிளத் தானே வாசிச்சு வாசிச்சு பழைய ஏற்பாடுதான் சரி எண்டு முடிவெடுத்து 1919ல விருத்தசேதனமும் செய்துகொண்டார். 1928ல அவர் செத்த பிறகும் அவரப் பின்பற்றின சனம் விடல்ல. அமீன்ட காலத்தில கனபேர் கிறிஸ்தவமோ இஸ்லாமோ எண்டு மாறிட்டாங்க, மிச்ச ஆக்கள் ஒளிச்சுக் கும்பிட்டாங்க, 1979ல அவன் ஓடேக்க மிஞ்சினது ஒரு 300 பேர் போல.

நாங்க அவங்கட கோயில் இருக்கிற நபுகோயே குன்றுக்குப் போனது வெள்ளிக்கிழமை பின்னேரம். பொழுது பட்டா சபாத், சனி பொழுதுபடும்வரைக்கும் யூதரிட ஓய்வு நாள், பிறகு ஃபோட்டோ இல்ல. எங்கட ஆக்கள் ஃபோன உள்ள வைக்கப் பட்ட பாடிருக்கே, ஒரு அக்கா மடியில ஹேண்ட்பேக்க வச்சு சிப்பப் பூட்டுறதும் திறக்கிறதுமா இருந்தா. பாட்டு தொடங்கினாப் பிறகுதான் கை ஓய்ஞ்சுது. ஹீப்ருவும் லுகண்டா எண்ட உகண்டாப் பாஷையும் கலந்து, கிட்டாரும் மேளமும், பின்னல் தொப்பி போட்ட சின்னப் பெடியள் எல்லாருக்கும் மேலால கத்திப் பாடுறாங்க.

சாப்பாட்டிலதான் சிக்கல். அவங்க தங்கட முறைப்படி அறுத்த கோழி, எங்களில பாதிப்பேர் வெள்ளியில மச்சம் தொடாத ஆக்கள். எப்பிடிச் சொல்றது எண்டு முழிக்க மச்சான் போய்ச் சொன்னான், சமைச்ச அம்மா ஒரு நொடி கூட யோசிக்கல்ல, மத்தோக்கே எண்ட வாழைக்காய் மசியலும் அவரையும் கச்சான் குழம்பும் தட்டில போட்டுத் தந்தா, ஏன் எதுக்கு எண்டு ஒரு கேள்வி இல்ல. சாப்பாட்டில கட்டுப்பாடு வச்சு வாழுற சனத்துக்கு அடுத்தவன்ட கட்டுப்பாட்ட விளங்கப்படுத்தத் தேவையில்ல.

அப்பத்தான் எங்கட சேர் கேட்டார், இவங்க உண்மையான யூதரா எண்டு. தமிழிலதான் கேட்டார், நல்லகாலம். எனக்கு இந்தக் கேள்வி பிடிக்கல்ல. 2002ல யூத மதத்தில கன்சர்வேட்டிவ் எண்ட பிரிவின்ட ரபிமார், அதாவது மதகுருமார், வந்து முறைப்படி மதத்தில சேத்தாங்க, இவங்கட ஆள் கெர்ஷோம் சிசோமு அமெரிக்காவில படிச்சு 2008ல ரபியாகி பிறகு உகண்டாப் பாராளுமன்றமும் போனவர், அப்பிடியிருந்தும் 2018ல இவங்களில ஒருத்தர் இஸ்ரேலில குடியேறக் கேக்க அந்த அரசு மறுத்திட்டுது. வாற போற குரூப் எல்லாம் மறுபடி சோதினை வைக்கவா போறது? போர்த்துக்கீசன் கோணேசர் கோயில இடிக்க வர மண்ணுக்குள்ள தாட்டு வச்ச சிலையள 1950ல தோண்டி எடுத்த ஊர்க்காரர் நாங்க, ஒளிச்சு வச்சுக் காப்பாத்தின சாமியப் பற்றி எங்களுக்கு ஆரும் பாடம் எடுக்கத் தேவையில்ல.

எனக்குக் கூடப் பிடிச்சது கோப்பிக் கதை. ஜே.ஜே. கெக்கி எண்டவர் 2001ல நியூயோர்க்கில ரெட்டைக் கோபுரம் விழேக்க அங்க நிண்டவர், திரும்பி வந்து 2004ல யூதர், கிறிஸ்தவர், முஸ்லிம் மூண்டு பகுதி விவசாயியளையும் சேத்துக் கோப்பிச் சங்கம் தொடங்கினார், மிரெம்பே கவோமேரா எண்டு பேர், ருசியான சமாதானம் எண்டு அர்த்தம். எங்கட ஊரிலயும் தமிழ், முஸ்லிம், சிங்களம் எண்டு மூண்டு சனமும் ஒரே மார்க்கெட்டிலதான் மரக்கறி வாங்குது, சேந்து ஒண்டை வித்ததா எனக்கு ஞாபகமில்ல.

ஆரும் குரூப்பாப் போறதெண்டா முதலே அறிவிச்சிட்டுப் போங்க, பிள்ளையளுக்கு டொபி வீசுற வேலை வேணாம், தொப்பியோ கோப்பியோ காசு குடுத்து வாங்குங்க. மார்ச்சில இருந்து மே வரைக்கும் மழை, குன்றுப் பாதை சேறு. சிப்பி அருவி பக்கத்திலதான், அத ஞாயிறுக்கு வையுங்க, சனிக்கிழமை அவங்களோடயே இருக்கலாம்.