மக்களவையில் கேள்வி கேட்பது எப்படி வீணாகிறது?

மக்களவையில் கேள்வி நேரம் காலை 11 மணிக்குத் தொடங்கும். ஒரு நாளைக்கு நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் 20தான். அமைச்சர் வாயால் பதில் சொல்வார், துணைக் கேள்வியும் கேட்கலாம். அதற்குள் மணி 12 ஆகிவிடும், பெரும்பாலும் பட்டியலில் பாதிகூட முடிந்திருக்காது. நட்சத்திரமில்லாத கேள்விகள் 230 வரை. எழுத்தில் மட்டும் பதில்.

கேள்வி கேட்கும் எம்.பி. குறைந்தது 15 நாள் முன்னதாகவே நோட்டீஸ் கொடுக்க வேண்டும். யார் கேள்வி பட்டியலில் வரும் என்பதை முடிவு செய்யும் குலுக்கலில் பெயர் வந்தாலும், சொல்லமைப்பில் கோட்டை விடுபவர்கள் அதிகம். வீடுகளுக்குக் குழாய்நீர் தரும் திட்டத்தைப் பற்றி, "ஜல் ஜீவன் திட்டம் எப்படி நடக்கிறது?" என்று கேட்டால் திட்டத்தின் பெருமைதான் பக்கம் பக்கமாக வரும். "2022-23ல் ஒதுக்கியது எவ்வளவு, விடுவித்தது எவ்வளவு, செலவானது எவ்வளவு, மாநில வாரியாக?" என்று பிரித்துக் கேளுங்கள். ஒதுக்கீட்டுக்கும் செலவுக்கும் உள்ள இடைவெளி அங்கேதான் வெளிப்படும். இந்த மூன்று எண்களையும் ஒருபோதும் ஒரே தொகையாகக் கேட்காதீர்கள்.

மாநில அரசின் பொறுப்பிலுள்ளதையும் நீதிமன்றத்தில் இருப்பதையும் கேட்டால் நோட்டீஸே தள்ளுபடியாகும்.

"தகவல் திரட்டப்பட்டு வருகிறது" என்று பதில் வந்தால் விட்டுவிடக் கூடாது. அது அவைக்குத் தந்த உறுதிமொழி, நிறைவேற்ற 3 மாதக் கெடு. தேதியைக் குறித்து வைத்து, அமைச்சர்கள் தந்த வாக்கு நிறைவேறியதா என்று பார்க்கும் மக்களவையின் அரசு உறுதிமொழிக் குழுவுக்கு எழுதுங்கள்.