ஒரு நேரத்தில் ஒரு வேலை
"பல்லை விளக்கிட்டு, சட்டைய மாத்திட்டு, பையை எடுத்துட்டு வாடா" என்றால் என் மகன் பிரஷ்ஷோடு மொட்டைமாடியில் நிற்பான். திமிர் என்று நினைத்து எத்தனை அடி அடித்திருக்கிறேன்! ஏடிஹெச்டி (கவனம் ஓரிடத்தில் நிற்காமல், துறுதுறுவென்று இருக்க வைக்கும் மூளை வளர்ச்சிக் குறைபாடு) என்று டாக்டர் சொன்னது அப்புறம்தான். அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கி, வீடு, பள்ளி என இரண்டு இடத்திலாவது 6 மாதமாவது தொடர்ந்து தெரிந்தால்தான் அந்தப் பெயர் வைப்பார்களாம். மூன்று வேலையை ஒரே மூச்சில் சொன்னால் அவன் மனதில் நிற்பதில்லை. அவ்வளவுதான் விஷயம்.

இப்போது ஒரு நேரத்தில் ஒரு வேலை. வீட்டுப்பாடத்துக்கு நடுவே தெருமுனை வரை ஓர் ஓட்டம். (மாமியார் இன்னும் "செல்லம் குடுத்தே கெடுக்குற" என்கிறார்.)

நேற்று வண்டியூர் தெப்பக்குளத்தை ஒரு சுற்று ஓடிவிட்டு வந்து, ஜிகர்தண்டா தீரும்வரை உட்கார்ந்தே இருந்தான். எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை.