அக்டோபர்த் தேர்கள்: தகாயாமா, சவாரா, கவாகோயே

அக்டோபர் 4

முதலில், ஜப்பானின் இந்த மூன்று ஊர்களில் நடக்கும் தேர்த் திருவிழாக்களின் தேதிகள். தகாயாமா இலையுதிர்காலத் திருவிழா எந்தக் கிழமையானாலும் அக்டோபர் 9, 10தான். சவாராவில் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை, அதற்கு முந்தைய நாள், மறுநாள். கவாகோயேயில் மூன்றாம் ஞாயிறு, அதற்கு முந்தைய சனி. யுனெஸ்கோ 2016இல் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்த 33 தேர்த் திருவிழாக்களில் இவை மூன்றும் உண்டு.

எந்த ஊருக்குப் போனாலும் நேர்த்தெருவில் நிற்காமல் தெருமுனையில் இடம் பிடியுங்கள். தேரைத் திருப்பும் விதம் ஊருக்கு ஊர் வேறு. தச்சர்களின் கைவரிசை வெளிப்படுவது அங்கேதான்.

அக்டோபர் 9, தகாயாமா

நாகோயாவிலிருந்து 'ஹிதா' விரைவு ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரம். இருக்கையை முன்பதிவு செய்யாமல் கிளம்பக் கூடாது. தேர்கள் மொத்தம் 11. அவற்றில் ஹோதெய்தாய் தேரின் பொம்மலாட்டத்துக்குத்தான் கூட்டம் அலைமோதும். 36 கயிறுகளால் ஆட்டுகிறார்கள். இரண்டு சிறுவர் பொம்மைகள் ஊஞ்சல் ஊஞ்சலாகத் தாவி, ஹோதெய் சாமியின் தோளில் போய் உட்காரும். ஹச்சிமான் கோயில் வளாகத்தில் ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரம் முன்பே போய் நின்றால்தான் கண்ணுக்குத் தெரியும்.

இங்கே திருப்பத்துக்கென்றே தனிச் சக்கரம் இருக்கிறது. முனை வந்ததும் தேரை நெம்பித் தூக்கி, அடியில் மறைந்திருக்கும் ஐந்தாவது சக்கரத்தை இறக்குகிறார்கள். நான்கு சக்கரத் தேர் அந்த நேரத்துக்கு மூன்று சக்கரத் தேராகி, குறுகிய இடத்திலும் திரும்பிவிடுகிறது.

மழை வந்தால் தேர் வெளியே வராது, தூறலானாலும் சரி. அரக்குப் பூச்சும் தங்கத் தகடும் திரைச்சீலைகளும் ஈரம் தாங்காது. அப்போது தேர்க் கொட்டகைகளைத் தேடிப் போங்கள். கதவு திறந்திருந்தால் உள்ளே நிற்கும் தேரைப் பக்கத்தில் பார்க்கலாம்.

ஒவ்வொரு தேரிலும் நூறு விளக்குகள் வரை ஏற்றும் இரவு ஊர்வலம் 9ஆம் தேதி மட்டுமே. அதை முடியும் வரை பார்த்தால் நாகோயா திரும்ப ரயில் கிடைக்காது. உள்ளூரில் அறைகள் பல மாதம் முன்பே தீர்ந்துவிடும். தொயாமா, கெரோ பக்கம் தேடலாம். மலையூர் என்பதால் இரவில் நன்றாகக் குளிரும், கம்பளிச் சட்டை அவசியம்.

அக்டோபர் 11, சவாரா

நரிதாவிலிருந்து அரை மணி நேரம்தான். ஆனால் ரயில் ஏறக்குறைய மணிக்கு ஒன்று, ஆகவே திரும்பும் நேரத்தை இறங்கும்போதே குறித்துக்கொள்ளுங்கள். தேர் உச்சியில் நாலு மீட்டருக்கும் மேலான பிரம்மாண்ட பொம்மை. திருப்பம் இங்கே ஒரு வித்தையாகவே நடக்கிறது: ஒரு முன்சக்கரத்தை அச்சாக நிறுத்தி, இளைஞர்கள் உத்தரத்தைத் தோளால் முட்டித் தள்ள, தேர் நின்ற இடத்திலேயே சுழல்கிறது. உள்ளே வாத்தியக்காரர்கள் வாசிப்பை நிறுத்துவதே இல்லை. தேரின் பின்பக்கம் பெரிய வட்டமாக வீசி வரும். படம் எடுக்கிறேன் என்று உள்ளே நுழைந்தால் அடிபடுவது நிச்சயம்.

ஓனோ ஆற்றங்கரையில் இனோ ததாதகாவின் வீடு இருக்கிறது. 55 வயதில் நில அளவையைத் தொடங்கி, ஜப்பான் முழுவதற்கும் வரைபடம் வரைய நடந்தவர் அவர்.

அக்டோபர் 18, கவாகோயே

டோக்கியோவின் இக்கெபுகுரோ நிலையத்திலிருந்து தோபு தோஜோ ரயில் தடத்தில் அரை மணி நேரம். 1893 தீ விபத்தில் ஊரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எரிந்தபோது, தடித்த மண்சுவர்க் கிடங்குகள் தப்பின. அதைப் பார்த்து வணிகர்கள் கடைகளையும் அப்படியே கட்டினார்கள். இன்றைய கருஞ்சுவர்த் தெரு அப்படி வந்தது. மின்கம்பிகள் மண்ணுக்கு அடியில் போவதால் பொம்மைகள் முழு உயரத்துக்கு எழுந்து நிற்கின்றன.

இங்கே பெரும்பாலான தேர்களில் முகத்தைத் திருப்பச் சக்கரம் திரும்ப வேண்டியதே இல்லை, மேல்தளம் மட்டும் தனியே சுழலும். இரண்டு தேர்கள் சந்தித்தால் முகத்தை ஒன்றுக்கொன்று திருப்பி, இசையால் மோதிக்கொள்ளும். இதுதான் 'ஹிக்கவாசே'. குழல் 1, பெரிய பறை 1, சிறு பறை 2, சேகண்டி 1, ஓர் ஆட்டக்காரர். எதிர்த் தேரின் தாளத்துக்கு இழுபடாமல் தன் தாளத்தைக் காப்பதே திறமை. தீர்ப்புச் சொல்ல நடுவர் கிடையாது.

இருட்டிய பிறகுதான் இது உச்சம் பெறும். ஃபுதானோட்சுஜி நாற்சந்தியில் ஆறு மணிக்குள் இடம் பிடிக்கலாம். திரும்பும்போது ஹோன்-கவாகோயே நிலையத்துக்குப் போங்கள். செய்பு என்ற இன்னொரு நிறுவனத்தின் ரயில்கள் அங்கேயே புறப்படுவதால், ஒரு வண்டியை விட்டுவிட்டு வரிசையில் நின்றால் உட்கார இடம் கிடைக்கும். ரயில் கட்டணம் செலுத்தும் சுய்கா அட்டையில் காலையிலேயே பணம் ஏற்றிவிடுங்கள். இரவில் அந்த இயந்திரங்களின் முன்னால்தான் பெரிய வரிசை.